மெல்பேர்னில் ஒரு பிரெஞ்சுக் கழுதை

1896 செப்டெம்பரில் மாரியுஸ் செஸ்தியே என்ற பிரெஞ்சுக்காரர் சிட்னித் துறைமுகத்தில் இறங்கினார். படித்தது மருந்து கலக்கும் தொழில். வந்தது லியோன் நகரத்து லூமியேர் சகோதரர்களின் ஆளாக. அதே வருடம் யூலை 7 ஆம் திகதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில் இந்தியாவின் முதல் சலனப்படக் காட்சியை நடத்தியவரும் இவர்தான். பம்பாயில் வேலை முடிந்ததும் கருவியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு தெற்கே கப்பல் ஏறி, செப்டெம்பர் 28 இல் சிட்னி பிற் தெருவில் 'சலோன் லூமியேர்' என்ற படக்கூடத்தைத் திறந்தார். நவம்பரில் மெல்பேர்னுக்கு வந்து, இந்த ஊரே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிற மெல்பேர்ன் கப் குதிரைப் பந்தயத்தைப் படம் பிடித்தார். அந்தத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. குதிரையைவிடத் தொப்பிகள்தான் அதிகம் தெரியும்.

எங்கள் பக்கக் கதையும் இதேதான். 1905 இல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். ஆகத் தமிழருக்கும் அவுஸ்திரேலியருக்கும் சினிமாப் பெட்டியைத் திறந்து காட்டிய கை ஒரே நாட்டுக் கைதான். பிறகு இரண்டு கூட்டமும் தத்தம் வழியில் போனது. அவர்கள் ஹொலிவூட்டுக்கும் இங்கிலாந்துப் படத்துக்கும், நாங்கள் பாகவதருக்கும் எம்.ஜி.ஆருக்கும். பிரெஞ்சுப் படம் இரண்டு பேருக்கும் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. அந்தத் தூரத்துச் சொந்தம் மெல்பேர்னுக்குள் திரும்ப வந்து சேர்ந்த விதத்தைத்தான் எழுதப் போகிறேன். பேராசிரியர்கள் எழுதிய வரலாறு உண்டு. இது ட்ராமில் ரிக்கெற் கிழித்தவன் எழுதுகிறது.

நான் மன்னார்க்காரன். 80களின் கடைசியில் இங்கே வந்து ட்ராம் கொண்டக்டரானேன். தோளில் தோல்பை, கையில் ரிக்கெற் கட்டு. 1998 இல் கொண்டக்டர்களை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அதன் பிறகு ஓட்டுநர். டண்டினோங் வீதி வழியாகப் போகும் ட்ராமில் இரவு வேலை என்றால், சப்பல் தெரு முனையில் அஸ்ரர் தியேட்டர் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். நீள மேலங்கி, கழுத்தில் சால்வை, படம் முடிந்து ட்ராமில் ஏறியும் வாய் ஓயாது. காசு நீட்டுகிற கைகூடப் பேச்சை நிறுத்தாது. என்னத்தை இவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்கத்தான் நான் முதலில் உள்ளே போனேன். படம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது, பேச்சுத்தான் முதல்.

அந்தப் பேச்சுக்கு ஒரு வம்சாவளி உண்டு. அது இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு தொடங்குகிறது. பெரிய தியேட்டர்கள் எல்லாம் அமெரிக்க, ஆங்கிலேயப் படங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தன. மெல்பேர்னில் ரசல் தெருவிலும் சிட்னியில் பிளை தெருவிலும் சவோய் என்ற பெயரில் ஊருக்கொரு சின்னத் தியேட்டர் ஐரோப்பியப் படங்களைப் போட்டது. அதைவிட்டால் திரைப்படச் சங்கங்கள். பதினாறு மில்லிமீற்றர் பிலிம், கையால் தூக்கக்கூடிய புரொஜெக்டர், தேவாலயத்து மண்டபம், மடக்குக் கதிரைகள், சுவரில் ஒரு வெள்ளைத் துணி. பிலிம் சுருள்கள் கன்பராவில் தேசிய நூலகத்தில் இரவல் கிடைத்தன. விக்ரோறியாவில் 1946 இல் அரசாங்கத் திரைப்பட நிலையம் ஒன்றும் தொடங்கியது. இன்று ஃபெடரேஷன் சதுக்கத்தில் இருக்கிற அக்மி என்ற திரைக்கலை அருங்காட்சியகம் அதன் பேரப்பிள்ளை.

ஒற்றைப் புரொஜெக்டர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சுருள் முடிந்தால் அடுத்ததைப் பூட்டும்வரை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் ஆள் பேசும். பக்கத்தில் இருக்கிறவரிடம் "இப்ப அவள் ஏன் சிரித்தாள்?" என்று கேட்கும். நடுவில் தேநீரும் பிஸ்கற்றும் வரும். கலைப்படம் என்றால் வாய் பொத்திப் பார்க்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு பாவனை இருக்கிறதே, அது பிறகு வந்தது. இந்த ஊரில் பிரெஞ்சுப் படத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தவர்கள் சுருள் மாற்றுகிற இடைவெளியில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்பது என் கட்சி.

1948 இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கம் தொடங்கியது. படத்தோடு ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பார்கள். இயக்குநர் யார், எந்த வருடம், எந்தக் காட்சியை எப்படிப் பார்க்கலாம் என்று ஒரு மாணவனோ ஆசிரியரோ எழுதியிருப்பார். அந்தத் தாளுக்காகவே சிலர் வந்தார்கள். 1984 இல் சங்கம் தன் பெயரை மெல்பேர்ன் சினமதேக் என்று மாற்றிக்கொண்டது. தாள் நிற்கவில்லை. 1999 இல் பில் மௌசூலிஸ் என்ற மெல்பேர்ன்காரர் 'சென்சஸ் ஒஃப் சினமா' என்ற இணைய இதழைத் தொடங்கினார். சினமதேக் படங்களின் குறிப்புகள் அதில் ஏறின. இப்போது பாரிஸில் இருக்கிற ஒரு பிள்ளை பிரெஞ்சுப் படம் ஒன்றைப் பற்றித் தேடினாலும், மெல்பேர்னில் ஒரு புதன்கிழமைக் காட்சிக்காக எழுதப்பட்ட குறிப்பில் வந்து விழுகிற வாய்ப்பு உண்டு.

சங்கங்கள் எல்லாம் கூடி ஒரு பெரிய காரியம் செய்தன. 1952 சனவரியில், அவுஸ்திரேலிய தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதியில், டண்டினோங் மலையில் ஒலிண்டா என்ற சின்ன ஊரில் திரைப்பட விழா. நம்மவர்கள் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மலை காட்டக் கூட்டிப் போகிற பக்கம்தான் அது. நானும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தவன்தான். அன்றைக்கு அங்கே எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சனம், அறுநூறு பேருக்கு மேல் வந்துவிட்டது. தங்க இடம் காணாது, இருக்கக் கதிரை காணாது. இன்றைய மெல்பேர்ன் சர்வதேசத் திரைப்பட விழாவின் பிறப்பு அதுதான். உலகத்தின் பழைய விழாக்களில் ஒன்று, மலையுச்சியில் தொடங்கி அடுத்த வருடமே நகரத்துக்குள் இறங்கியது.

இறங்கிய விழாவை வளர்த்தவர் எர்வின் றாடோ. புடாபெஸ்டில் பிறந்து, 1939 இல், ஐரோப்பாவில் போர் வெடித்த அதே வருடம், இங்கே வந்து சேர்ந்தவர். பியானோ தெரியும், புகைப்படம் எடுக்கத் தெரியும். 1950களின் நடுவிலிருந்து 1979 வரை விழாவின் பொறுப்பு அவர் கையில். சென்ட் கில்டா கடற்கரையோரம் இருக்கிற பலே தியேட்டர், கிட்டத்தட்ட மூவாயிரம் இருக்கைகள். யூன் மாதக் குளிரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சனம் அங்கே உட்கார்ந்து பிரெஞ்சு இயக்குநர்கள் கொடார்டையும் ரெனேயையும் பார்த்தது என்றால் அதற்கு ஒரு ஹங்கேரி அகதியின் பிடிவாதம் காரணம். இந்தக் குளிர் விழா மனப்பான்மை மெல்பேர்ன்காரரிடம் இன்னும் இருக்கிறது. படம் நன்றாக இருந்தது என்பதைவிடத் தியேட்டர் எவ்வளவு குளிர் என்பதில் அவர்களுக்குப் பெருமை. சிறந்த அவுஸ்திரேலியக் குறும்படத்துக்கு விழா கொடுக்கிற பரிசு றாடோ பெயரில் இருக்கிறது.

சிட்னியை விட்டுவிட்டால் அங்கே இருக்கிற சொந்தக்காரர் கோபிப்பார்கள். 1954 யூன் 11 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் நான்கு நாள் விழா. ஒரு கினி விலையில் 1200 ரிக்கெற், எல்லாம் விற்றுத் தீர்ந்தது. இங்கிலாந்திலிருந்து குடியேறிய டேவிட் ஸ்ட்ராட்டன் 1966 இல் பொறுப்பேற்று 1983 வரை நடத்தினார். தணிக்கையோடு மல்லுக்கட்டியதில் சிட்னி முன்னுக்கு நின்றது. சோவியத் படங்களைத் தேடிப் போனதற்காக இந்த நாட்டு உளவுத்துறை அவருக்கு ஒரு கோவையே திறந்து வைத்திருந்தது.

தணிக்கை என்றதும் எனக்கு ஒரு வேடிக்கை ஞாபகம் வரும். அந்த நாளில் வெளிநாட்டுப் படம் என்பது இறக்குமதிச் சரக்கு; தணிக்கை சுங்கத் திணைக்களத்தின் கீழ். பெட்டிக்குள் கருவாடும் மிளகாய்த்தூளும் வைத்துக்கொண்டு நாங்கள் துல்லமரின் விமான நிலையத்தில் நெஞ்சு படபடக்க நிற்கிறோமே, அதே வரிசையில்தான் பிரெஞ்சுப் படமும் நின்றிருக்கிறது. பிடிக்காத துண்டை வெட்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். 1971 நவம்பரில் வளர்ந்தவர்களுக்கென்று 'ஆர்' சான்றிதழ் வந்தது. கொண்டுவந்த டொன் சிப் கலை அமைச்சர் அல்ல, சுங்க அமைச்சர்.

எழுபதுகளில் பழைய படங்களை மாற்றி மாற்றிப் போடுகிற தியேட்டர்கள் முளைத்தன. றிச்மண்டில் 1976 இல் வல்ஹல்லா வந்தது. அதன் மாதக் கணக்கான நிகழ்ச்சிநிரல் ஒரு பெரிய சுவரொட்டி, மாணவர் வாடகை வீடுகளின் சமையலறைக் கதவிலெல்லாம் ஒட்டியிருக்கும். அஸ்ரர் 1936 இல் கட்டியது. எழுபதுகளில் அது கிரேக்கக் குடியேறிகளுக்குக் கிரேக்கப் படம் காட்டியது. 1982 இலிருந்து பழைய நல்ல படங்களின் வீடு. இந்த விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மெல்பேர்னில் நல்ல தியேட்டர்கள் செத்துப் போகாமல் பிழைத்ததற்குக் குடியேறிகள் ஒரு காரணம். தொலைக்காட்சி வந்து வெள்ளைக்காரன் வீட்டுக்குள் உட்கார்ந்த காலத்தில் கிரேக்கரும் இத்தாலியரும் குடும்பத்தோடு வந்து கதிரைகளை நிரப்பினார்கள்.

1980 ஒக்ரோபர் 24 இல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி தொடங்கியது. குடியேறிகளுக்கென்று ஆரம்பித்தது; சொந்தமாக ஆட்களை வைத்து மொழிபெயர்த்து எழுத்துப் போட்டது. பின்னேர வேலை முடிந்து நடுச்சாமத்தில் வந்து, சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து நான் பார்த்த பிரெஞ்சுப் படங்கள் அநேகம். குறைத்தாலும் பரவாயில்லை, எழுத்து ஓடுகிறதே. மனைவி எழும்பிவந்து "என்னப்பா, சண்டையும் இல்லை, பாட்டும் இல்லை, இதுக்கா நித்திரை முழிக்கிறீங்கள்?" என்று கேட்பா. நல்ல கேள்வி. ஆனால் தனியாகப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடைக்காது. அதற்கு மண்டபம் வேண்டும், தாள் வேண்டும், பக்கத்துக் கதிரையில் ஒரு மனிதர் வேண்டும்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை இரவு சினமதேக்கில் ரொபேர் பிரெஸ்ஸோனின் 'ஓ அசார் பல்தசார்' பார்த்தேன். 1966 இல் வந்த படம், கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணித்தியாலம். கதாநாயகன் ஒரு கழுதை. பல்தசார் என்றால் மூன்று இராசாக்களில் ஒருவரின் பெயர். கிறிஸ்மஸ் குடிலில் அவரை வைத்து வளர்ந்தவர்கள் மன்னாரில் நாங்கள். தொடக்கத்தில் பிள்ளைகள் அந்தக் குட்டிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பிறகு அது கைமாறிக் கைமாறிப் போகிறது. மாரி என்ற பெண் அதற்குப் பூ வைக்கிறாள். செரார் என்ற முரடன் பாண் விநியோகிக்க அதைக் கொண்டுபோய், வாலில் கடதாசி கட்டிக் கொளுத்துகிறான். ஒரு குடிகாரன், ஒரு சர்க்கஸ், ஒரு கஞ்சன், கடைசியில் திரும்பவும் செரார். இரவில் எல்லை தாண்டிக் கள்ளச்சரக்கு ஏற்றிப் போகையில் சுங்கக் காவலர் சுடுகிறார்கள். செரார் கூட்டம் ஓடிவிடுகிறது. விடியற்காலையில் மலைவெளியில் செம்மறிக் கூட்டத்துக்கு நடுவே கழுதை படுத்துச் சாகிறது.

நடிகர்கள் தொழில் நடிகர்கள் அல்ல. பிரெஸ்ஸோன் அப்படித்தான் ஆளெடுப்பார். மாரியாக வந்த ஆன் வியாசெம்ஸ்கி, நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் பிரான்சுவா மொறியாக்கின் பேத்தி. பிறகு கொடார்டை மணந்தார். எழுத்து ஓடும்போது ஷூபேர்ட்டின் பியானோ கேட்கிறது. நடுவில் கழுதை கத்துகிறது. பியானோ நின்று, திரும்பத் தொடங்குகிறது. தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சிரிக்க வைப்பதற்காகவே செய்தது என்று இன்றும் நம்புகிறேன்.

கையில் இருந்த தாள் இந்தப் படத்துக்கான வழமையான விளக்கத்தைச் சொன்னது. கழுதை ஒரு புனிதர். மற்றவர்களின் பாவங்களைச் சுமக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில் கழுதையைப் பற்றி வருகிற இடத்திலிருந்து எண்ணம் பிறந்தது. செம்மறிகள் வேதாகமத்துச் செம்மறிகள். எல்லாம் சரி. படத்திலேயே மாரியின் தாய் அதைப் புனிதர் என்கிறாள். குருத்தோலை ஞாயிறு கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் மன்னார்க்காரனுக்கு இன்னொன்று தெரிகிறது. எங்கள் ஊரில் கழுதைகள் தெருவில் திரியும். அரபு வணிகர் கொண்டுவந்த வம்சம் என்று சொல்வார்கள். ஒரு காலம் பொதி சுமந்தன. லொறி வந்ததும் யாருக்கும் தேவைப்படவில்லை. பஸ் நிலையத்தடியில் நிற்கும், இரவில் தார் வீதியின் சூட்டில் படுக்கும். அவற்றுக்குச் சொந்தக்காரன் இல்லை. சண்டைக்காலத்தில் சனம் ஊரைவிட்டுப் போனபோதும் அவை நின்றன. அந்தக் கண்ணோடு பார்த்தால் பல்தசாருக்கு நடக்கிற கொடுமை அடி அல்ல; ஒரு நாள்கூட அது யாருடைய சொத்தாகவும் இல்லாமல் இருந்ததில்லை என்பதுதான்.

பிறகு பாருங்கள், இது புனிதர் கதையைவிடக் கணக்குப் புத்தகக் கதை. மாரியின் தகப்பன் கணக்குக் காட்டச் சொன்னால் மானம் போய்விடும் என்று காட்டாமல் விட்டு அழிகிறார். பாண் விற்ற காசு, கஞ்சனின் காசு, குடிகாரனுக்குத் திடீரென்று வந்த முதுசம், கடைசியில் கடத்தல் பொதி. பிரெஸ்ஸோனின் கமரா முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்க்கும். அந்தக் கைகளில் பாதி எதையாவது கொடுக்கும், வாங்கும். தலைமன்னாரிலும் பேசாலையிலும் இரவுக் கடலில் சேலையும் பீடி இலையும் வந்து போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எல்லைக் காட்சியில் மர்மம் ஒன்றும் இல்லை. பொதியின் சொந்தக்காரன் தப்பி ஓடுவான்; சுமந்தவன் நின்று சூடு வாங்குவான். செரார் ஓடிய அந்த நிமிடத்தில்தான் பல்தசார் முதல் முறையாக யாருக்கும் சொந்தமில்லாத கழுதை.

வெளியே வந்து இதை என் அரைகுறை ஆங்கிலத்தில் பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னேன். கிரேக்க முதியவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்கட கிராமத்திலும் கழுதை இருந்தது. இவ்வளவு அடி வாங்குகிற கழுதை இவ்வளவு கொழுகொழுவென்று இராது." அந்த ஒரு வசனத்தில் புனிதரும் போய், என் கணக்குப் புத்தகமும் போய்விட்டது. ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையம்வரை இரண்டு பேரும் கழுதைத் தீனி பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம். தாளை எழுதியவர் படித்த மனிதர், நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் கழுதை மேய்த்தவன் சொல்கிற விமர்சனம் எந்தத் தாளிலும் வராது. படித்தவன் எழுதிய தாளும் மேய்த்தவன் சொல்லும் ஒரே வாசலில் சந்திக்க வைத்ததுதான் இந்தச் சங்கங்களின் எழுபது வருட வேலை என்று நான் நினைக்கிறேன்.

இன்றைக்குப் பிரெஞ்சுப் படத்துக்கு இங்கே குறைவில்லை. அலியான்ஸ் ஃபிரான்சேஸ் நடத்துகிற பிரெஞ்சுத் திரைப்பட விழா ஒவ்வொரு மார்ச் மாதமும் பெரிய தியேட்டர்களை நிரப்புகிறது. வைன் கொடுக்கிறார்கள், பாற்கட்டி கொடுக்கிறார்கள். தாள் கொடுப்பதில்லை. அதில் எனக்கு மனக்குறைதான்.

எங்கள் பக்கக் குறை அதைவிடப் பெரிது. 2015 இல் ஜாக் ஓடியாரின் 'தீபன்' கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. பிரெஞ்சுப் படம், பெரும்பகுதி பேசியது தமிழ், நடித்தவர் ஷோபாசக்தி. நூறு வருடத்துக்கு மேலாகப் பிரெஞ்சுக்காரரின் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழன் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் நின்ற தருணம் அது. என் வட்டத்தில் அதைப் பற்றி நடந்த பேச்சு முழுக்க, புலிகள் இயக்கத்தைச் சரியாகக் காட்டினானா பிழையாகக் காட்டினானா என்பதோடு முடிந்தது. படத்தைப் பார்த்தவர்கள் பாதிப்பேர். பாராமல் பேசியவர்கள் மீதிப்பேர். கூடியிருந்து பார்க்க ஒரு மண்டபம் இருந்திருந்தால் இப்படி ஆகியிராது.

மண்டபத்துக்கு எங்களிடம் பஞ்சமா? மெல்பேர்ன் டண்டினோங்கிலும் சிட்னி வென்ற்வேர்த்வில்லிலும் நட்சத்திர இரவுக்கும் அரங்கேற்றத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஆயிரக்கணக்கில் டொலர் கட்டி எடுக்கிறோம். அதில் மாதத்தில் ஒரு வெள்ளி இரவைச் சங்கங்கள் ஒதுக்க வேண்டும். உரிமைக் கட்டணம் கட்டி ஒரு நல்ல படம், எந்த மொழியானாலும் சரி. நடுவில் ஒருமுறை விளக்கைப் போட்டுத் தேநீர். வாசலில் தமிழில் ஒரு பக்கத் தாள். முதல் படமாகப் பிரெஸ்ஸோனின் கழுதையைப் போடுங்கள். ஊரில் மாடு வைத்திருந்த பெரியவர்களை முன்வரிசையில் இருத்துங்கள். தாளை எழுத ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதேயுங்கோ. அதை நான் எழுதித் தருகிறேன்.